துணி தோய்க்கும் பாக்கியமக்கா

நர்ஸ் வேலைக்குப் படிக்கிற பிள்ளைகளே, ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருத்தியைப் பேசக் கூப்பிட்டால் கையைக் கழுவுங்கள் என்று தொடங்கி, கையைக் கழுவுங்கள் என்று முடிப்பாள். நானும் சொல்லிவிடுகிறேன்: கையைக் கழுவுங்கள். சரி, அந்த வேலை முடிந்தது. இனிக் கதைக்கு வருவோம்.

வேலையில் இருந்த காலம் முழுக்க எனக்கு ஒரு குணம் இருந்தது. நோயாளியைச் சிரிக்க வைக்காவிட்டால் எனக்குக் கை ஓடாது. ஊசி போடுவதற்கு முன் ஒரு பகிடி, போட்ட பிறகு ஒரு பகிடி. என் பகிடிக்குப் பயந்துதான் பாதிப் பேர் கெதியாகச் சுகம் வந்து வீட்டுக்கு ஓடுகிறார்கள் என்று என் கணவர் சொல்வார். அது பொய்யாகவும் இருக்கலாம். ஆனால் என் பகிடியை வைத்தே என்னை ஒருத்தி ஏமாற்றினாள் என்பது உண்மை. அவளைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன்.

பிள்ளை பெற்ற தாய்க்கு வருகிற காய்ச்சல் பற்றி உங்கள் பாடப் புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது. இல்லாத ஒன்று, அவளுடைய துணியை யார் தோய்ப்பது என்பது. இப்போது எல்லாம் கடையில் வாங்கிக் கட்டி, சுற்றி எறிந்து விடுகிறார்கள். அன்றைக்கு அப்படி இல்லை. பழைய சேலையைக் கிழித்து மடித்துக் கட்டுவார்கள். அதைத் தோய்ப்பது பெற்ற தாயின் வேலை. தாய் இல்லாவிட்டால் தமக்கை, தமக்கையும் இல்லாவிட்டால் அயலில் ஒரு பெண். ஆண்பிள்ளை அந்த வாளிப் பக்கமே போகக் கூடாது. அதிலும் கடற்தொழில் செய்கிறவன் போகவே கூடாது. துடக்குத் துணியைத் தொட்ட கை வலையைத் தொட்டால் மீன் படாது என்று தோணியின் சொந்தக்காரரான சம்மாட்டிமார் அவனை ஏற்ற மாட்டார்கள். அவன் வீட்டில் அடுப்பு எரியாது.

ஆகவே தோய்க்கிறவள் எப்போதும் ஒரு பெண். அவளுக்கு டொக்டருக்குத் தெரியாததெல்லாம் தெரியும். தாய் வெட்கத்தில் மறைப்பதும் தெரியும். நிறம் என்ன, மணம் என்ன, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம், எல்லாம் அவள் கையில் இருக்கும். காய்ச்சலோடு ஒரு தாய் வந்தால் நாங்கள் முதலில் தேடுவது அவளைத்தான்.

அது சண்டைக் காலம். கொட்டியாரக் குடாவின் தெற்குக் கரையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் வேலை செய்தேன். வராந்தாவில் நின்றால் தண்ணீருக்கு அப்பால் திருகோணமலை நகரம் தெரியும். பெரிய ஆஸ்பத்திரி, ஒப்பரேஷன் தியேட்டர், இரத்தம் எல்லாம் அங்கே. இடையில் கடல் ஒன்றுதான். ஆனால் ஆட்களை ஏற்றிப் போகிற லோஞ்ச் ஓடவில்லை. கடலில் இறங்கவும் நேவி தடை போட்டிருந்தது. தரைவழியே போனால் ஆறுகளைப் பாதையில் கடக்க வேண்டும். பாதை என்று இங்கே சொல்வது வாகனம் ஏற்றும் மிதவையை. அந்தப் பாதைகளும் கரையில் கட்டிக் கிடந்தன.

எங்களிடம் பெண்கள் எல்லோருக்கும் ஒரே வாட்டு. அதில் பாதிக் கட்டிலில் மலேரியா. இரத்தம் சோதிக்கிறவர் லீவில் ஊருக்குப் போய்த் திரும்பி வர வழியில்லாமல் அங்கேயே நின்றுவிட்டார். ஆகவே நடுங்கினால் மலேரியா. நடுங்காவிட்டால் இனி நடுங்கப் போகிற மலேரியா. எங்கள் டொக்டர் இளம் ஆள், நல்ல மனிதர். நித்திரையே இல்லாமல் நின்றபடி தேத்தண்ணீர் குடித்து வேலை செய்தவர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அந்த வாட்டுக்குத்தான் சுகந்தி வந்தாள். நிலாவெளிப் பிள்ளை. கட்டைபறிச்சானில் யோகன் என்ற மீன்பிடிக்கிற பெடியனைக் கட்டி இந்தக் கரைக்கு வந்தவள். ஊர் இடம்பெயர்ந்து பள்ளிக்கூடம் ஒன்றில் இருந்தபோது, பக்கத்துக் குடும்பத்துப் பெண்கள் சேலையைச் சுற்றிப் பிடிக்க, தலைப்பிள்ளையைப் பெற்றிருந்தாள். பெண் குழந்தை. ஒரு கிழமை ஆகுமுன்னே காய்ச்சல். மாமியார் உயிரோடு இல்லை. பெற்ற தாய் நிலாவெளியில், கடலுக்கு அந்தப் பக்கம்.

நான் வழக்கம்போலத் தொடங்கினேன்.

“என்ன பிள்ளை, நிலாவெளியில ஹோட்டலெல்லாம் பூட்டிட்டாங்கள் எண்டோ இஞ்ச ரெஸ்ட் எடுக்க வந்தனீங்கள்?”

“ஓம் மிஸ்ஸி. இஞ்ச சாப்பாடு நல்லமெண்டு கேள்விப்பட்டனான்.”

எங்கள் சாப்பாட்டைப் பற்றி அப்படி ஒருவரும் சொன்னதில்லை. வாட்டே சிரித்தது. எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று.

“அடி வயிறு நோகுதோ?”

“நீங்கள் சிரிக்க வைக்காட்டி நோகாது.”

வயிற்றை அமர்த்திப் பார்த்தேன். முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. கட்டியிருந்த துணியைக் காட்டச் சொன்னேன். காட்டினாள். சுத்தமாக, புதிதாக மாற்றிய துணி. ஓடிக்கொலோன் வாசம் கமகமவென்று வந்தது. காய்ச்சல்காரரின் நெற்றிக்குப் பூச வாங்கி வருகிற அதே போத்தல் தலைமாட்டில் நின்றது.

“இதென்ன பிள்ளை, கலியாண வீட்டுக்குப் போறனீங்களோ?”

“மிஸ்ஸி பக்கத்தில வந்து நிக்கிறீங்கள். நாங்களும் மரியாதையா இருக்க வேணுமெல்லோ.”

அவள் சொல்வதும் சரிதானே என்று எனக்குப் பட்டது. மலேரியாக் குளிசை கொடுத்தோம். டொக்டரும் அதைத்தான் எழுதினார். ஆனால் நாடியைப் பிடித்தபோது அது மட்டும் சிரிக்கவில்லை. யாரோ துரத்துகிறமாதிரி ஓடிக்கொண்டிருந்தது. மலேரியாவிலும் நாடி ஓடும். ஓடுகிறது என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. கால் நகர மறுத்துவிட்டது.

“ஆர் பிள்ளை உங்கட துணி தோய்க்கிறது?”

“பாக்கியமக்கா எண்டு ஒரு ஆள். இவர் பிடிச்சு விட்டிருக்கிறார்.”

யோகன் வாசலில் நின்றான். நெடிய, கறுத்த, வெட்கப்படுகிற பெடியன். பெண்கள் வாட்டு என்பதால் உள்ளே வராமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டே நாள் முழுக்க நிற்பான். போய்க் கேட்டேன்.

“தம்பி, அந்தப் பாக்கியமக்காவோட நான் ஒருக்காக் கதைக்க வேணும்.”

“அவ இப்பதான் போனவ மிஸ்ஸி.”

“எங்க?”

“கிண்ணியாவுக்கு.”

“பாதை ஓடேல்ல. நீந்தியோ போனவ?”

அவன் யோசித்தான். “அப்ப வேற எங்கயும் போயிருப்பா.”

மத்தியானம் கேட்டேன். பாக்கியமக்காவுக்குத் தலையிடி. மறுநாள் காலை கேட்டேன். பாக்கியமக்கா தம்பலகாமத்தில் ஒரு செத்தவீட்டுக்குப் போய்விட்டாள். தம்பலகாமத்துக்கும் பாதை கடந்துதான் போக வேண்டும். அந்தப் பெண்ணுக்கு மட்டும் ஆறும் கடலும் வழிவிடுவது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிறவர்களைக் கேட்டேன். கிணற்றடியில் நின்ற பெண்களைக் கேட்டேன். ஒருத்திக்கும் அப்படி ஒரு ஆளைத் தெரியாது. “பாக்கியமோ? எங்கட பக்கத்தில அப்பிடி ஒருத்தரும் இல்ல மிஸ்ஸி. இருந்தா எனக்கும் ரெண்டு சேலை தோய்க்கக் கிடக்கு, அனுப்பி விடுங்கோ” என்றாள் ஒருத்தி.

இதற்கிடையில் சுகந்தி இன்னும் பகிடி விட்டுக்கொண்டுதான் இருந்தாள். குரல் மட்டும் மெலிந்து போயிற்று. குழந்தை முலையைச் சப்பிப் பார்த்துவிட்டுக் கத்தியது. பால் வற்றிக்கொண்டு வந்தது. குளிசை போய்க் காய்ச்சல் குறைய வேண்டிய நேரத்தில் அது ஏறியது.

அவளுக்குத் துணி மாற்ற உதவி செய்கிற சாட்டில் மடித்து வைத்திருந்த ஒன்றைக் கையில் எடுத்தேன். மொரமொரவென்றிருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தேன். உப்பு.

எனக்கு விளங்கவில்லை. ஆஸ்பத்திரிக் கிணற்றில் நல்ல தண்ணீர் இருக்கிறது. பிள்ளை பெற்ற உடம்பில் உப்புத் துணி பட்டால் எப்படி எரியும் என்று எந்தப் பெண்ணுக்கும் தெரியும். கடல் தண்ணீரில் இதைத் தோய்க்கிற பெண் யார்?

மத்தியான வெயிலில் எல்லோரும் சோர்ந்து கிடந்த நேரம், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இறங்கிக் களப்புக் கரைக்குப் போனேன். கண்டல் மரங்களுக்கு நடுவில் ஒரு கொடி கட்டியிருந்தது. அதில் துணிகள் காய்ந்தன. பெண்கள் காயப் போடுகிறமாதிரி இல்லை. வலை காயப் போடுகிறமாதிரி, நுனி நுனியாக இழுத்து, காற்று அள்ளாமல் இடையிடையே தடி கொடுத்து, மிக அழகாகக் காயப் போட்டிருந்தது. கொஞ்சம் தள்ளி, இடுப்பளவு தண்ணீரில் பாக்கியமக்கா நின்றாள். நெடிய, கறுத்த, மீசை வைத்த பாக்கியமக்கா.

என்னைக் கண்டதும் யோகன் வாளியைத் தண்ணீருக்குள் அமுக்கினான்.

“என்ன தம்பி செய்யிறீங்கள்?”

“மீன் பிடிக்கிறன் மிஸ்ஸி.”

“தூண்டில் எங்க?”

 வாளி மெதுவாக மேலே மிதந்து வந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பிறகு சொன்னான்:

“ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ மிஸ்ஸி. சம்மாட்டிக்குத் தெரிஞ்சா என்னை எடுக்க மாட்டார். சுகந்திக்கும் தெரியாது. தெரிஞ்சா அவ துணி மாத்தவே விடமாட்டா. தோய்க்க ஆக்கள் ஒருத்தரும் இல்ல. கிணத்தடியில நிண்டா பொம்பிளையள் காணுவினம். நான் என்ன செய்யிறது?”

எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. வாழ்க்கையில் அப்படி ஆனது அபூர்வம்.

“நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். ஆனா ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்ல வேணும். துணி மணக்குதோ?”

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றான். “நான் கருவாட்டுக்குள்ள பிறந்து வளந்தனான் மிஸ்ஸி. செத்த மீன், அழுகின இறால், எனக்கு அதெல்லாம் மணமில்ல. ஆனா நேத்தைக்கு இந்தத் துணியோட எனக்கு வயித்தைப் பிரட்டிட்டுது. கரைக்குப் போய்ச் சத்தி எடுத்தனான். இண்டைக்கு அதைவிட மோசம்.”

“ஏன் சொல்லேல்ல?”

“சொன்னா ஆர் தோய்ச்சதெண்டு கேப்பீங்களெல்லோ.”

கரையில் வைத்திருந்த வேறொரு வாளியில் இன்னும் நனைக்காத துணி ஒன்று இருந்தது. அதை அப்படியே வாளியோடு தூக்கிக்கொண்டு டொக்டரின் அறைக்கு நடந்தேன்.

“டொக்டர், மூலைக் கட்டிலில இருக்கிற சுகந்திக்கு மலேரியா இல்லை.”

அவர் நிமிர்ந்தார். “மிஸ்ஸி, இது உங்கட பகிடியோ?”

பகிடிக்காரியாக இருப்பதன் நட்டம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பேசாமல் வாளியை அவர் காலடியில் வைத்தேன். அவர் குனிந்தார். கையிலிருந்த தேத்தண்ணீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வாட்டுக்கு ஓடினார்.

இந்த முறை அவர் வயிற்றை அமர்த்தியபோது நான் சுகந்தியின் முகத்தைப் பார்க்கவில்லை. கால் விரல்களைப் பார்த்தேன். அவை கட்டிலின் சட்டத்தை இறுகப் பிடித்திருந்தன. முகத்தை அடக்கத் தெரிந்தவளுக்குக் காலை அடக்க முடியவில்லை. பிள்ளைகளே, இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: நோவைத் தேடும்போது முகத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

நச்சுக்கொடியின் ஒரு துண்டு உள்ளே தங்கி அழுகியிருக்க வேண்டும் என்றார் டொக்டர். கிருமி இரத்தத்தில் ஏறத் தொடங்கிவிட்டது. எங்களிடம் இருந்த மருந்தெல்லாம் ஏற்றினோம். ஆனால் அந்தத் துண்டை எடுக்க வேண்டும். அதற்குத் தியேட்டர் வேண்டும். தியேட்டர் கடலுக்கு அந்தப் பக்கம்.

“நான் போகமாட்டன்” என்றாள் சுகந்தி.

அப்போதுதான் ஓடிக்கொலோன் போத்தலின் காரணம் எனக்கு விளங்கியது. அது மரியாதைக்கு அல்ல.

“எனக்குத் தெரியும் மிஸ்ஸி, இது மலேரியா இல்லையெண்டு. ஆனா என்னை அங்கால அனுப்பினா ஆர் வள்ளம் ஓட்டிறது? இவர்தான் ஓட்டுவார். இவரின்ர வயசில ஒரு பெடியன் அங்க நேவி நிக்கிற ஜெட்டியில ஏறினா என்ன நடக்குமெண்டு உங்களுக்குத் தெரியாதே? என்ர தம்பியும் அப்பிடித்தான் போனவன். இன்னும் வரேல்ல.”

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் டொக்டரைப் பார்த்தேன். புத்தகத்தில் இதற்கு அத்தியாயம் இல்லை. வேறு ஓட்டி தேட நேரமும் இல்லை, தேடினாலும் தடையை மீறிக் கடலில் இறங்க யார் வருவார்கள்? ஒருவரைக் காப்பாற்ற மற்றவரைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றால், எந்தப் பக்கம் தலையாட்டுவது? நான் சொல்லுகிறேன், அந்த இடத்தில் தலையாட்ட நர்ஸுக்கு உரிமை இல்லை. இருவரும் கதைப்பதற்கு இடம் விட்டு விலகி நிற்கத் தெரிய வேண்டும். அது ஒன்றும் சின்ன வேலை அல்ல. எனக்கு வாய் துடித்தது.

அன்றைக்கு முதன்முறையாக யோகன் வாசலைத் தாண்டி வாட்டுக்குள் வந்தான். கட்டிலோரம் குந்தினான்.

“சுகந்தி, அவங்கள் என்னைப் பிடிச்சா ஒரு நாளைக்கு விடுவாங்கள். இந்தக் காய்ச்சல் உன்னை விடாது.”

“அவங்கள் விடாட்டி?”

“விடாட்டியும் பிள்ளைக்கு நீ இருப்பாய்.”

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பாமலே, “பிள்ளைக்குத் தொப்பி போடுங்கோ, கடல் காத்து” என்றாள். அதுதான் சம்மதம்.

டொக்டர் சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதித் தந்தார். கட்டில் விரிப்பு ஒன்றைத் தடியில் கட்டி வெள்ளைக் கொடியாக்கினோம். சுகந்தியைப் பலகையில் கிடத்தி, கரையில் கட்டிக் கிடந்த வள்ளம் ஒன்றுக்குள் இறக்கினோம். சேலைன் போத்தலைத் தூக்கிப் பிடிக்க ஒரு ஆள் வேண்டுமே. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு நீந்தத் தெரியாது. குளிக்கும்போதே தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் மூச்சுத் திணறுகிற ஆள் நான். ஒரு கையில் சேலைன், மடியில் குழந்தை, வாயில் கந்தசஷ்டியில் எனக்குத் தெரிந்த நாலு வரி. அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு ஏறினேன்.

குடாவின் நடுவில் கடல் கறுப்பு. ஆழம் என்ன என்று நான் யோகனைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் உண்மையைச் சொல்லியிருப்பான். துறைமுகத்தின் மலைகள் கிட்ட வந்துகொண்டிருந்தன. அந்தக் கடல் அழகாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. எத்தனையோ நாளாக ஒரு வள்ளமும் கிழிக்காத தண்ணீர். எங்கள் வள்ளம் போன வழி மட்டும் பின்னால் நீளமாகக் கிடந்தது. சுகந்தி கண்ணைத் திறந்து வானத்தைப் பார்த்தபடி கிடந்தாள். யோகன் கடலைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான். பார்க்காமலே வள்ளம் நேராகப் போயிற்று.

நேவிப் படகு வந்த வேகத்தில் எங்கள் வள்ளம் குலுங்கியது. துவக்குகள் நீண்டன. இளம் பெடியன்கள். ஒருவன் சிங்களத்தில் கத்தினான். எனக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் வாட்டுச் சிங்களம். எங்கே நோகிறது, வாயைத் திற, ஊசி போடப் போகிறேன், அவ்வளவுதான். பயத்தில் அந்த நேரம் என் வாயில் வந்தது, “ஹொந்தட்ட ஹுஸ்ம கன்ன.” நன்றாக மூச்சை இழுத்து விடுங்கள் என்று அர்த்தம். துவக்கு நீட்டிய சிப்பாயிடம் அதைச் சொன்ன முதல் ஆளும் கடைசி ஆளும் நானாகத்தான் இருக்கும்.

அவன் நான் சொன்னபடியே மூச்சை இழுத்தான். அந்த நேரம் பார்த்துக் காற்று எங்கள் பக்கமிருந்து அவன் பக்கம் அடித்தது.

கடல் காற்றில்கூட மறையாத மணம் அது. அவன் முகம் சுருங்கியது. கையால் மூக்கைப் பொத்தினான். பிறகு எட்டி வள்ளத்துக்குள் பார்த்தான். பலகையில் கிடந்த பெண்ணைப் பார்த்தான். என் மடியில் தொப்பி போட்ட குழந்தையைப் பார்த்தான். மூக்கைப் பொத்திய கை மெதுவாகக் கீழே இறங்கியது. நான் நீட்டிய கடிதத்தை அவன் வாங்கவே இல்லை. பின்னால் நின்றவர்களிடம் ஏதோ சொன்னான். துவக்குகள் தாழ்ந்தன. ஒரு கயிறு வந்து விழுந்தது. யோகன் அதை வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் கட்டினான். அவர்கள் எங்களை இழுத்துக்கொண்டு போனார்கள்.

அவர்கள் இழுத்த வேகம் எங்கள் வள்ளத்து மெஷினுக்கு ஒருநாளும் வந்திருக்காது. மணத்தை மறைக்க அவள் ஓடிக்கொலோன் பூசினாள். மறைக்க முடியாமல் வெளியே வந்த அதே மணம்தான் கடலைத் திறந்து விட்டது. அதை எண்ணும்போது இன்றைக்கும் எனக்கு உடம்பு புல்லரிக்கிறது.

ஜெட்டியில் அம்புலன்ஸ் நின்றது. அந்தச் சிப்பாய்கள் ரேடியோவில் சொல்லியிருக்க வேண்டும். பலகையைத் தூக்கினார்கள். யோகனும் ஒரு பக்கம் பிடித்தான். காவலில் நின்றவர்கள் அவன் தோளில் கை வைத்து, அவனை மட்டும் விலக்கி நிறுத்தினார்கள்.

நான் நின்றுவிட்டேன். யோகன் குரலை உயர்த்தாமல் சொன்னான்: “நிக்காதேங்கோ மிஸ்ஸி. அவவோட போங்கோ. நான் வள்ளம் கட்டப் போயிட்டன் எண்டு சொல்லுங்கோ.”

போனேன். திரும்பிப் பார்த்தேனா என்று கேட்காதீர்கள். அம்புலன்ஸ் கதவைச் சாத்துகிறவர்கள் திரும்பிப் பார்க்க முடியாது.

தியேட்டருக்குள் நடந்ததை நான் பார்க்கவில்லை. வெளியே வந்த சர்ஜன் சொன்ன ஒரே வார்த்தை, “நல்ல நேரத்துக்கு வந்தியள்.” அதன் பிறகும் சுகந்தி கண் திறக்கவில்லை. கால் இரண்டும் ஐஸ்போல இருந்தன. அங்கே எனக்கு டியூட்டி இல்லை, போக இடமும் இல்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவள் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் பிள்ளை பெற்றிருந்த கிண்ணியாப் பெண் ஒருத்தி கேளாமலே கையை நீட்டிக் குழந்தையை வாங்கித் தன் பிள்ளையோடு சேர்த்துப் பால் கொடுத்தாள். அந்த வாட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நான் மட்டும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடிந்து வெயில் ஏறியபோது என் கைக்குள் இருந்த கால் சூடாகத் தொடங்கியது. முதலில் என் கைச்சூடுதான் என்று நினைத்தேன். கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். அவளுடைய சூடுதான். பாதத்திலிருந்து கணுக்காலுக்கு, கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு ஏறியது. நெற்றி வேர்த்தது. நாடி ஓட்டத்தை நிறுத்தி நடக்கத் தொடங்கியது. பிள்ளைகளே, நாங்கள் மருந்து கொடுக்கிறோம், டொக்டர்மார் வெட்டித் தைக்கிறார்கள், எல்லாம் சரி. ஆனால் போன உயிர் திரும்பி ஒரு உடம்புக்குள் குடியேறுவதைக் கையால் தொட்டுப் பார்த்தால், இதில் என் பங்கு என்ன என்று சொல்ல உங்களுக்கு வாய் வராது.

அவள் கண் திறந்து முதலில் கேட்டது, “அவர் எங்க?”

“வெளியில நிக்கிறார். பொம்பிளையள் வாட்டெல்லோ, உள்ள விடமாட்டினம்” என்றேன். எனக்கும் பொய் சொல்லத் தெரியும்.

அவள் என்னை நெடுநேரம் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. மத்தியானம் தாண்டி, நோயாளிகளைப் பார்க்க ஆட்களை விடும் நேரத்தில் நான் வராந்தாவுக்கு வந்தபோது, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு யோகன் நின்றான். கன்னம் ஒன்று வீங்கியிருந்தது. சேர்ட்டில் பொத்தான்கள் இல்லை. கடலில் எங்களை இழுத்து வந்த அந்தச் சிப்பாய் வந்து ஏதோ சொன்ன பிறகு விட்டார்கள் என்றான்.  

உள்ளே ஓடினேன். “பிள்ளை, இப்ப உண்மையாவே வெளியில நிக்கிறார்.”

சுகந்தி சிரித்தாள். இந்தச் சிரிப்பு நாடிவரைக்கும் போனது. நான் பிடித்துத்தான் பார்த்தேன். பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டாள்.

“மிஸ்ஸி, பாக்கியமக்காவை நீங்கள் கண்டனீங்களோ?”

நான் முழித்தேன். சொல்லமாட்டேன் என்று யோகனுக்கு வாக்குக் கொடுத்தவள் நான்.

“எனக்கு முதல் நாளே தெரியும்” என்றாள் மெதுவாக. “துணியில உப்பு. கடல் தண்ணியில தோய்க்கிற விசரி ஆர் இருக்கிறா? உப்பு எரிஞ்சது மிஸ்ஸி, நெருப்பு மாதிரி. ஆனா சொன்னா அவர் கூசிப்போவார். எனக்குத் தெரியுமெண்டு அவருக்குத் தெரிய வேண்டாம். சொல்லிப்போடாதேங்கோ.”

“சொல்லமாட்டன்” என்றேன். 

“இன்னொண்டு மிஸ்ஸி.”

“என்ன பிள்ளை?”

“எனக்குப் பசிக்குது.”

நான் வெளியே வந்தேன். யோகன் கதவு நிலையை விட்டு ஒரு அடி முன்னே வந்தான். வீங்கிய கன்னத்தோடு அவன் முகத்தைப் பார்க்க, எனக்கு அத்தனையும் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது.

“என்ன சொன்னவ மிஸ்ஸி?”

“பசிக்குதாம்.”

 அவன் ஓடத் தொடங்கினான். அந்தக் காலத்தில் நகரத்தில் பாதிக் கடை பூட்டு. கையில் ஒன்றும் இல்லை, எங்கே ஓடுகிறான் என்று அவனுக்கே தெரிந்திராது. ஆஸ்பத்திரி முற்றத்தைத் தாண்டி, கேற்றில் நின்ற காவல்காரன் கத்தக் கத்த, வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தான்.